அளவைகளின் வரலாறும் நம் மக்களும்

மக்கள் கூடி வாழத் தொடங்கிய நாள்தொட்டு, கொடுப்பவனுக்கும் கொள்பவனுக்கும் இடையே நடுநின்று வழக்குத் தீர்த்து வருவது அளவை. நெல்லுக்கு மரக்கால், நிலத்துக்குக் கோல், பொன்னுக்குத் துலாக்கோல் என்று அது பல வடிவம் கொண்டது. அளவைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரையும் கோயிலையும் வணிகரையும் பற்றி எழுதுவது வழக்கம். ஆனால், உழைத்த உழைப்புக்குக் கூலியாக அளந்து போடப்பட்ட நெல்லைக் கையேந்திப் பெற்ற மக்களின் வரலாறும் அதில் அடங்கியுள்ளது. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அந்தப் பகுதியை நம் இளைஞர்கள் முன் வைப்பது தகும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நாம் கூற வருவது ஒன்றே. கோலைப் பிடித்த கை நெடுங்காலம் நம்முடையதாக இருந்தது. அளந்ததை ஏட்டில் எழுதிய கை வேறாக இருந்தது. அளக்கும் கையும் எழுதும் கையும் ஒன்றாவதற்கு உரிய இடம் பள்ளிக்கூடம்.

பண்டைய அளவைகள்

நம் முன்னோர் அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகைப்படுத்தினர். நீட்டல் அளவைக்கு மனித உடலே கருவியாயிற்று. 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். 4 முழம் ஒரு கோல். முகத்தல் அளவைக்கு நெல்மணியே அடிப்படை. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. இதைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு நாழிக்கு 14,400 நெல் என்று வரும். எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். 12 குறுணி ஒரு கலம். எடுத்தல் அளவையில் 8 பலம் ஒரு சேர். 5 சேர் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் பலம் என்பது ஏறத்தாழ 35 கிராம். வீசை ஏறத்தாழ 1.4 கிலோகிராம்.

இவ்வாய்பாடுகளைத் திண்ணைப் பள்ளி மாணவர்கள் எண்சுவடியிலிருந்து மனப்பாடம் செய்தனர். முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று என்று பின்னங்களும் அவர்களுக்கு நாநுனியில் இருந்தன. இக்கல்வியின் நுட்பத்தைக் குறைத்துக் கூற நாம் விரும்பவில்லை. அத்திண்ணைகளில் ஏறியமர நம் பிள்ளைகளுக்கு இடமில்லாதிருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இம்முறையில் வேறொரு குறையும் இருந்தது. சாண் யாருடைய சாண்? படி எந்த ஊர்ப் படி? ஊருக்கு ஊர் மரக்கால் மாறியது. ஒரே ஊரில் வீட்டுக்கு வீடும் மாறியது. அளவை எவனிடம் இருந்ததோ அவனே அளவின் தலைவனாக இருந்தான்.

கல்வெட்டில் கண்ட அளவை

சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் கி.பி. 1001 அளவில் நாடு முழுவதையும் அளப்பித்தான். அப்பணிக்குத் தலைமை பூண்ட அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்னும் பட்டம் வழங்கியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கல் இருந்தது. நெல்லை அளக்க அதே பெயருடைய மரக்கால் இருந்தது. இறைவன் பெயரை அளவைக்குச் சூட்டியதன் நோக்கம் தெளிவு: அதில் எவனும் கை வைக்கலாகாது. பல கோயில்களின் சுவர்களிலும் அடித்தளங்களிலும் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோடாகக் கீறி வைத்தனர். வழக்கு எழுந்தால் அங்கு சென்று ஒத்துப் பார்க்கலாம். பொது அளவு பொது இடத்தில் இருக்க வேண்டும் என்ற அறிவு நம் நாட்டில் பழமையானது என்பதற்கு இது சான்று.

நம் திருவண்ணாமலைக் கோயிலிலும் சோழர் காலம் முதல் விசயநகர, நாயக்கர் காலம் வரையிலான கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. விளக்கெரிக்க நெய், அமுதுபடிக்கு அரிசி, தானமாக நிலம், பொன் என்று அளவைகள் அவற்றில் விரவிக் கிடக்கின்றன.

தஞ்சைக் கல்வெட்டில் நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. ஊர்களின் நிலத்தை அளந்து, வரி கட்ட வேண்டாத பகுதிகளைக் கழித்துக் காட்டும் இடத்தில், ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் வரிசையில் நிற்கின்றன. நிலத்தை முந்திரிக்குக் கீழும் பகுத்து நுணுக்கமாக அளந்தவர்கள் நம் சேரியையும் அளந்திருக்கிறார்கள். கழிவுக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சேரி தனியே இருந்தது என்பதற்கு இதனினும் உறுதியான ஆவணம் வேண்டுவதில்லை.

களத்து மேட்டில்

அளந்தவர் யார் என்று அடுத்துக் கேட்போம். ஊர்ப் பணியாளரான வெட்டியான் நம் மக்களில் ஒருவர். ஏரிநீரை வயலுக்குப் பாய்ச்சுவது, களத்தைக் காப்பது, நிலம் அளக்கும்போது கோலையோ சங்கிலியையோ பிடித்து நடப்பது ஆகியன அவர் வேலைகள். எல்லைத் தகராறு எழுந்தால், எல்லையைக் காட்டப் பறையரை அழைக்கும் வழக்கம் இருந்ததை 1909இல் வெளிவந்த எட்கார் தர்ஸ்டனின் தொகுப்பும் குறிப்பிடுகிறது. ஊரின் ஒவ்வொரு வரப்பும் அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் கணக்கு ஏடு கர்ணத்தின் கையில் இருந்தது. கால் அறிந்ததைக் கை எழுத இயலவில்லை.

அறுவடைக் களத்தில் நடந்ததை நம் பெரியோர் இன்றும் கூறக் கேட்கலாம். வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என இரண்டு வைத்திருந்த மிராசுகள் உண்டு. ஒரே மரக்காலாயினும் தனக்கு அளக்கும்போது கோபுரமாகக் குவிப்பதும், கூலிக்கு அளக்கும்போது தலை வழிப்பதும் உண்டு. நல்ல நெல் போரின் நடுவிலிருந்து வீட்டுக்குப் போகும். கருக்காயும் பதரும் கலந்தது கூலிக்கு வரும். அளப்பவர் ‘ஒன்று’ என்று தொடங்காமல் ‘லாபம்’ என்று தொடங்குவார். யாருக்கு லாபம் என்று கேட்கும் துணிவு கூலிக்காரனுக்கு அன்று இல்லை. கேட்டாலும் ஒத்துப் பார்க்க அவனிடம் வேறு மரக்கால் இல்லை.

முத்திரை மரக்கால்

இத்துணிவு பிறந்த வரலாற்றை நம் இளைஞர் அறிய வேண்டும். கீழத் தஞ்சையில் 1943 முதல் பி. சீனிவாசராவ் முதலானோர் பண்ணையாட்களைத் திரட்டினர். பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் புகட்டுவதும் ஒழிய வேண்டும் என்பது அவர்களுடைய முதற் கோரிக்கை. அதனோடு சேர்த்து வைத்த மற்றொரு கோரிக்கை, கூலி நெல்லை முத்திரையிட்ட மரக்காலில் அளக்க வேண்டும் என்பது. 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியையும் கள்ள மரக்காலையும் ஒரே மூச்சில் எதிர்த்த அம்மக்களின் தெளிவை எண்ணி வியக்கின்றோம். ஒன்று உடலைத் தாக்கியது. மற்றொன்று வயிற்றைத் தாக்கியது. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதைப் பள்ளிக்குச் செல்லாத அவர்கள் கண்டிருந்தனர்.

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எனினும் கூலி நெல்லுக்கான போராட்டம் அதனோடு முடியவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் பெண்கள், குழந்தைகள், முதியோர் உட்பட 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். கூலியை உயர்த்திக் கேட்டதே அப்பகையின் மூலம். அளவை என்பது பாடப் புத்தகத்துச் செய்தி மட்டுமே என்று எவரேனும் கூறின், அவருக்கு இந்த நாளை நினைவூட்டுக.

மீட்டரின் பிறப்பு

இதே முறையீடு கடல் கடந்த ஒரு நாட்டிலும் எழுந்தது. பிரான்சில் ஒவ்வொரு பிரபுவும் தனக்கென ஒரு மரக்கால் வைத்திருந்தான். குடியானவரிடம் தானிய வரி வாங்கும் அந்த மரக்கால் காலப்போக்கில் வளர்ந்துகொண்டே போயிற்று. 1789இல் மன்னனுக்கு அனுப்பப்பட்ட குறை மனுக்களில், நாடெங்கும் ஒரே எடையும் ஒரே அளவும் வேண்டும் என்று குடியானவர்கள் கேட்டிருந்தனர். அவ்வாண்டே புரட்சி வெடித்தது. எந்த மன்னனின் கைக்கும் காலுக்கும் கட்டுப்படாத அளவை வேண்டும் எனக் கருதிய அறிஞர்கள் பூமியையே அளவுகோலாகக் கொண்டனர். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என வகுத்தனர். 1795இல் சட்டமும் 1799இல் பிளாட்டினத்தாலான மூலக் கோலும் வந்தன. 1875 மே 20ஆம் நாள் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன.

இன்று அந்த உலோகக் கோலும் பதவி இழந்துவிட்டது. ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458 மீட்டர் செல்கிறது என்பதை வைத்து 1983 முதல் மீட்டர் வரையறுக்கப்படுகிறது. கிலோகிராமும் 2019 மே 20 முதல் இயற்கையின் மாறிலி ஒன்றைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. ஒளி எந்தப் பண்ணைக்கும் சொந்தமன்று. எல்லார்க்கும் ஒரே விரைவில் செல்வது.

நம் நாட்டிற்கு வந்த முறை

நம் நாட்டில் நாணயச் சீர்திருத்தம் முதலில் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா, 192 தம்பிடி என்ற கணக்குப் போய், 100 நயா பைசா என்ற கணக்கு வந்தது. நாணயம் பொருளின் மதிப்பை அளக்கும் கோல். அக்கோல் நிலைபெறாமல் நீண்டு குறுகினால் கூலியை நம்பி வாழ்வோரே முதலில் நசுங்குவர். இந்நாட்டு நாணயத்தின் நிலைபேற்றை ஆராய்ந்து 1923இல் ‘ரூபாயின் பிரச்சினை’ என்னும் நூலை வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர் என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

எடை, அளவுத் தரச் சட்டம் 1956 டிசம்பரில் நிறைவேறியது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1962 ஏப்ரலில் பிற முறைகள் சட்டப்படி விலக்கப்பட்டன. சேரும் வீசையும் மணங்கும் போயின. கிராம், கிலோகிராம் வந்தன. படியும் மரக்காலும் போயின, லிட்டர் வந்தது. பத்துப் பத்தாகப் பெருக்கினாலும் வகுத்தாலும் போதும் என்பதால், எண்சுவடி மனப்பாடம் இல்லாத பிள்ளையும் கணக்குப் போடலாம் என்ற நிலை உண்டாயிற்று. திண்ணையில் இடம் மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது பெரும் பேறு. கிலோகிராமின் இந்திய மூலப் படியான 57ஆம் எண் கட்டி புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உள்ளது. 1976இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2009இல் சட்டமுறை எடையளவுச் சட்டமும் வந்தன. பிந்தியது 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கடைக்காரரின் எடைக்கல்லும் தராசும் அரசு முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை வேண்டும். 1944இல் பண்ணையாட்கள் அடிபட்டுக் கேட்ட முத்திரை இன்று சட்டத்தில் உள்ளது.

சட்டத்தில் உள்ளது கைக்கு வர வேண்டுமாயின் பயிற்சி வேண்டும். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்று பிழையின்றி ஒப்பிக்கும் மாணவனிடம், வகுப்புக் கதவின் உயரம் எவ்வளவு என்று கேட்டால் 20 மீட்டர் என்பான். வாய்பாடு நாவில் உள்ளது. அளவு கண்ணிலும் கையிலும் இல்லை. ஆதலின், அரசுப் பள்ளியில் நாம் பின்பற்றும் சில பயிற்சிகளை ஈண்டுத் தருகின்றோம். நம் சங்கத்தின் மாலை நேர வகுப்புகளிலும் இவற்றைச் செலவின்றி நடத்தலாம்.

வகுப்பறைப் பயிற்சிகள்

முதல் விதி: முன்னே மதிப்பிடு, பின்னே அள. பலகை, மேசை, கதவு, சுவர் ஆகியவற்றின் நீளத்தை மாணவர் முதலில் ஊகித்து எழுத வேண்டும். பின்னர் நாடாவால் அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு வாரத்தில் ஊகமும் அளவும் நெருங்கி வருவதைக் காணலாம். ஒவ்வொருவரும் தம் சாண், முழம், காலடி ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து நினைவில் வைத்துக்கொண்டால், நாடா இல்லாத இடத்திலும் உடலே அளவுகோலாகும். பழைய முறையின் நன்மையும் புதிய முறையின் பொதுமையும் இதில் ஒன்று சேர்கின்றன. காலடி 50 சென்டிமீட்டர் உள்ள சிறுவன் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்ற 28,000 அடி வைக்க வேண்டும். இக்கணக்கை நம் ஊர்ப் பிள்ளைகள் ஒருமுறை போட்டால் மறப்பதில்லை.

எடைக்கு, ஒரு கோலின் இரு முனையிலும் கொட்டாங்கச்சிகளைக் கட்டித் தராசு செய்யலாம். எடைக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. அலுவலகங்களில் வழங்கும் 80 கிராம் தர ஏ-4 தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிராம். 20 தாள் 100 கிராம். 2011 வரிசை 5 ரூபாய் நாணயம் 6 கிராம்; பத்து நாணயம் 60 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம். இவற்றைக் கொண்டு வெங்காயம், புளி, மல்லாட்டை என வீட்டுப் பொருள்களை நிறுக்கலாம். ஆயிரம் நெல்மணிகளை எண்ணி நிறுத்துப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. இரகத்திற்கேற்ப அது பெரும்பாலும் 15 முதல் 25 கிராம் வரை இருக்கும். செவிடு, ஆழாக்கு என்று முன்னோர் நெல்லை எண்ணியதன் பொருள் அப்போது விளங்கும்.

முகத்தலுக்கு ஒரு சோதனை. லிட்டர் டப்பா ஒன்றில் அரிசியை மெல்லக் கொட்டித் தலை வழிக்கச் செய்க. பின்னர் டப்பாவைத் தரையில் தட்டிக் குலுக்குக. அரிசி இறங்கி மேலே இடம் தெரியும். மூன்றாவதாகக் கோபுரமாகக் குவித்து அளக்கச் செய்க. மூன்றையும் தனித்தனியே நிறுத்தால் மூன்று எடை வரும். ‘ஒரு லிட்டர்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று அளவு ஒளிந்திருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பர். களத்து மேட்டில் நம் பாட்டனார் இழந்தது எவ்வாறு என்று அப்போது விளக்கினால் போதும். தானியத்தை முகந்து வாங்குவதினும் நிறுத்து வாங்குவது ஏன் நன்று என்பதை வேறு எவரும் சொல்ல வேண்டியதில்லை. சாமான் வைக்கும் முன் தராசு சுழியம் காட்டுகிறதா, பாத்திரத்தின் எடை கழிக்கப்பட்டதா, முத்திரை ஆண்டு எது என்னும் மூன்று கேள்விகளையும் இப்பாடத்தோடு சேர்த்துச் சொல்லித் தருகின்றோம்.

கனஅளவைத் தரையில் குழி வெட்டியே கற்பிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த ஊரக வேலைகளில், தோண்டிய மண்ணைக் கனமீட்டரில் அளந்தே கூலி கணக்கிட்டனர். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம் உள்ள குழி 1.8 கனமீட்டர். ஆழத்தை 25 சென்டிமீட்டர் என்று எழுதினால் 1.5 கனமீட்டர்தான். ஐந்து சென்டிமீட்டர் என்பது இரண்டு விரல் அகலத்தைச் சற்றே மிஞ்சும் அளவு. அதனால் போவதோ 300 லிட்டர் மண். 15 லிட்டர் கூடையில் 20 கூடை. ஒருவரின் முதுகு சுமந்த 20 கூடை, எழுதுகோலின் ஓர் அசைவில் மறைந்துபோகும். இக்கணக்கைப் போடத் தெரிந்த மகளோ மகனோ ஒரு வீட்டில் இருந்தால் போதும், மறையாது.

உயரத்தை அளக்க நிழல் போதும். ஒரு மீட்டர்க் கோலை வெயிலில் நட்டு, அதன் நிழல் 50 சென்டிமீட்டர் விழும் வேளையில் கொடிக்கம்பத்தின் நிழலை அளந்தால், அதன் இருமடங்கே கம்பத்தின் உயரம். கம்பத்தில் பழகியபின் கோபுரத்திற்குப் போகலாம். நம் கோயிலின் கிழக்கு இராசகோபுரம் 217 அடி, அதாவது சுமார் 66 மீட்டர். கோபுரத்தின் உச்சி அடித்தளத்தின் நடுவில் நிற்பதால், வெளியே விழும் நிழலோடு அடித்தள அகலத்தில் பாதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டத்திற்கு முன் நம் மக்கள் அக்கோபுரத்தை வெளியே நின்றே வணங்கினர். தெருவில் நின்றபடியே அதன் உயரத்தை அளந்துவிடலாம் என்ற கணிதத்தை அன்று எவரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. இன்று அவர்கள் வழிவந்த பிள்ளை ஒரு கோலும் நாடாவும் கொண்டு அளக்கிறாள். கோபுரத்துக்குள்ளும் உரிமையோடு நுழைகிறாள்.

நிலம்

அளவை அறிவு மிக இன்றியமையாத இடம் நிலம். ஆங்கில ஆட்சியில் ஏக்கரும் சென்டும் வந்தன. 100 சென்ட் ஓர் ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இன்றைய பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்று எழுதப்படுகிறது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஓர் ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர்; அது ஏறத்தாழ 2.47 ஏக்கர். நம் மக்கள் வாயில் சென்ட் வழங்குகிறது. தாளில் ஏர் வழங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இருளில்தான் நிலம் களவு போகிறது. மூன்று சென்ட் மனை என்றால் பட்டாவில் 1.21 ஏர் என்று இருக்க வேண்டும். விளையாட்டுத் திடலில் 11 மீட்டருக்கு 11 மீட்டர் கயிறு கட்டிச் சதுரம் அமைத்தால் அதுவே ஏறத்தாழ மூன்று சென்ட். அச்சதுரத்துக்குள் நின்று பார்த்த மாணவன், தன் வீட்டு மனையின் அளவை எந்த நாளும் மறவான்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையுடைய அதுவே பஞ்சமி நிலம். அது பெருமளவு கைமாறிப் போயிற்று. அதை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் நீத்தனர். அவர்கள் விட்டுச் சென்ற பணியில் முழக்கத்திற்கு இடம் உண்டு. சர்வே எண்ணையும் புல வரைபடத்தையும் படித்து, சங்கிலி பிடித்து, பரப்பைக் கணக்கிடும் அறிவுக்கு அதனினும் பெரிய இடம் உண்டு.

இளைஞர்க்கு

பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. அதன்பின் கிராம நிர்வாக அலுவலர் தேர்வு எழுதி வரும் பதவியாயிற்று. சங்கிலியை இழுத்து நடந்தவரின் பேரன் அதே ஊரின் நிலக் கணக்கை எழுதும் இருக்கையில் அமரலாம் என்ற கதவு அன்று திறந்தது. அக்கதவின் வழியே நம் இளைஞர் பலர் நுழைந்துள்ளனர். நில அளவர், பொறியாளர், ஆசிரியர் எனப் பணிபுரிகின்றனர். பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்து பாடநூலும் எழுதிய எம்.சி. ராஜா போன்ற முன்னோர் கண்ட கனவு இது.

ஆயினும் பதவிக்குச் சென்றவர்க்கு மட்டும் உரியதன்று இவ்வறிவு. கூலிக்குச் செல்லும் தாயும், கடைக்குச் செல்லும் சிறுவனும், மனைப்பட்டா வாங்கும் முதியவரும் இதைப் பெற்றிருத்தல் வேண்டும். ஆதலின் நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சேரியிலும் உள்ள நம் படிப்பகத்தில் செய்தித்தாளோடு நான்கு பொருள்களையும் வையுங்கள்: முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கல், ஒரு லிட்டர் அளவை, 30 மீட்டர் நாடா, ஒரு நல்ல தராசு. யாருக்கு ஐயம் எழுந்தாலும் அங்கு வந்து ஒத்துப் பார்க்கட்டும். அன்று கோயிற் சுவரில் கீறப்பட்ட கோல் ஊருக்குப் பொதுவாக இருந்தது. ஆனால் அச்சுவரருகே செல்ல நமக்கு வழியில்லை. இந்தக் கோல் நம் தெருவில் இருக்கட்டும்.

இளைஞர்களே, உங்களில் ஒவ்வொருவரும் இவ்வாண்டு குறைந்தது ஐந்து பிள்ளைகளுக்கு அளக்கக் கற்றுக் கொடுங்கள். ஊகிக்கச் சொல்லுங்கள், அளக்கச் சொல்லுங்கள், அளந்ததைத் தம் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அளக்கவும் எழுதவும் தெரிந்த ஒருவன் ஊரில் இருக்கிறான் என்று தெரிந்தால், கள்ள மரக்கால் தானே ஒளிந்துகொள்ளும்.